உள்பக்க லீவர்

"அதைக் கழற்றிவிடு" என்று சொன்னது யார் என்பதில் எனக்கு இப்போது நிச்சயம் இல்லை. அத்தான் சொன்னதாகத்தான் நினைவு. தான் சொன்னதாக அக்கா சாதிக்கிறாள். நான் வேலை செய்யும் லேத் பட்டறையின் இரைச்சலில் பாதியைக் கேட்டு மீதியை நானே நிரப்பிக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதனால் அடித்துப் பேச முடியவில்லை.

அத்தான் ஒரு பேண்டில் பெடல் ஸ்டீல் கிதார் வாசித்தார். அது மேசைபோலக் கால்களில் நிற்கும். கம்பிகளின்மேல் ஒரு கையால் இரும்பு உருளையை நகர்த்த வேண்டும். இடது பாதம் பெடல்களை மிதிக்கும், வலது பாதம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும், இரண்டு முழங்கால்களும் பக்கவாட்டில் லீவர்களைத் தள்ளும். அத்தானின் இடது முழங்கால் வெளியே போனால் இரண்டு கம்பிகள் அரைச் சுரம் ஏறும். உள்ளே வந்தால் அதே கம்பிகள் அரைச் சுரம் இறங்கும். அந்த இறக்கம் இல்லாமல் அவர்களுடைய எந்தப் பாட்டும் முடியாது.

ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது படியில் விழுந்தார். கட்டுப் பிரித்த பிறகு இடது முழங்கால் வெளியே போனது, உள்ளே வரவில்லை.

"ரிப்பேரான கதவு மாதிரி ஆயிடுச்சு மச்சான். திறக்குது, சாத்த மாட்டேங்குது" என்றார்.

பேண்டின் தலைவரை எல்லோரும் தொப்பி என்றே கூப்பிடுவார்கள். அவர் வீட்டுக்கு வந்து, உட்காராமலே சொன்னார்: "சனிக்கிழமை ஒத்திகைக்கு வா. கை கால் சரியா வந்தா நீதான். இல்லேன்னா நான் வேற ஆளப் பாக்கணும். தப்பா நினைக்காதே."

"அதுல நல்லபடியா நினைக்க என்ன இருக்காம்?" என்றாள் அக்கா, அவர் தெருவுக்குப் போன பிறகு.

நானும் அத்தானும் கருவியைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டோம். இறக்கத்தை வேறு எங்கே வைப்பது? முழங்காலை மேலே தூக்கினால் இழுக்கிற லீவர் ஒன்றைச் செய்யலாமா என்று கேட்டேன்.

"இடது கால் தூக்காது. வலதைத் தூக்கினா பாதம் பெடலை விட்டுடும், சத்தம் போயிடும்."

அப்படியானால் வலது முழங்காலுக்குத்தான் மாற்ற வேண்டும். அங்கே ஏற்கெனவே இரண்டு லீவர்கள். ஒன்றைக் கைவிட வேண்டும். அத்தான் இரண்டையும் விரலால் மாறிமாறித் தள்ளிப் பார்த்தார்.

"வலது உள்பக்கத்துல இருக்கறத எடுத்துடு. அது வெறும் அலங்காரம். அங்க இறக்கத்தை வை."

"வெளிப்பக்கத்துல வெச்சா, இடது கால் தள்ளின அதே பக்கம்தான் வலது காலும் தள்ளும். பழைய பழக்கம் மாதிரியே இருக்குமே அத்தான்?"

"வேணாம். உள்ளேன்னா உள்ளேதான். கால் மாறலாம், நினைப்பு மாறக்கூடாது. இடது பக்க லீவர் அப்படியே இருக்கட்டும், கம்பிய இழுக்கற இரும்புத் தண்டு மட்டும் கழட்டு. கால் தப்பிப் போனா முட்டி நிக்க ஒரு இடம் வேணும்."

அப்படியே செய்தேன். ஆனால் பயிற்சியில் வீங்கிய முழங்கால் அந்தச் செத்த லீவரில் உரசி உரசிப் புண்ணானது. அக்கா மருந்து போட்டாள். அப்போதுதான் யாரோ அதைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன்.

சனிக்கிழமை நான்தான் கருவியைத் தூக்கிப் போனேன். அக்காவும் கூட வந்தாள். கடைசிப் பாட்டு வரை பிசகில்லை. முடிவில் அந்த இறக்கம் வந்தது. "உள்ளே" என்று அவர் நினைத்திருப்பார். இரண்டு முழங்கால்களும் கேட்டுவிட்டன. வைத்தியர் பிடித்துத் தள்ளியும் வராத இடது முழங்கால், தடுக்க எதுவும் இல்லாத இடத்தில் உள்ளே பாய்ந்தது. வலது முழங்கால் தன் வேலையைச் சரியாகச் செய்தது. சுரம் சுத்தமாக இறங்கியது. அத்தானின் முகம் மட்டும் சாம்பல் நிறமானது. கடைசிக் கம்பி ஓயும்வரை உருளையை அவர் எடுக்கவில்லை.

"பழைய ஆளேதான்யா!" என்று தொப்பி கைதட்டினார். "எழுந்திரு, டீ குடிக்கலாம்."

"நீங்க போங்க. நான் கொஞ்சம் உக்காந்திருக்கேன்."

அக்கா அவருடைய காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரி நடையில் அக்கா சொன்னாள்: "நான்தானேடா கழட்டச் சொன்னேன்."

"இல்லக்கா. அத்தான்தான் சொன்னார்."

உள்ளே போய் அவரிடமே கேட்டாள். "ஞாபகம் இல்ல" என்றார் அத்தான், கேள்வி முடிவதற்குள்ளேயே.

கிழிந்த முழங்கால் மூட்டை நேராக வைத்து, இனி மடங்காதபடி இறுக்கிவிட்டார்கள். நீட்டிய கால் அந்தக் கருவியின் அடியில் நுழையாது. தொப்பி வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். சில காலத்தில் பேண்டும் கலைந்தது. அத்தான் ஒரு வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். அக்கா ஒரு தையல் கூடத்தில் வேலை செய்கிறாள். வீட்டில் பாட்டுப் போடுவதில்லை. கருவி இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. இடது உள்பக்கத்தில் லீவர் வேண்டும் என்று அவர் என்னிடமே கொண்டுவந்தார். பொருத்திக் கொடுத்தேன்.