திறந்த தேதி

சனிக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் அத்தை வருகிறார் என்று மாமனார் போனில் சொன்னபோது, அவன் ஏற்கெனவே துடைத்த அடுப்பை இன்னொரு தடவை துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாண்டையும் கூட்டிட்டுத்தான் வர்றா. வீட்டைப் பாக்கட்டும். சரின்னு பட்டா புள்ளைய அங்கேயே விட்டுட்டு வந்துருவா. ஸ்கூல் தொறக்கப் பத்து நாள்தான் இருக்கு மாப்பிள்ள. ஏதாவது ஒரு ஊர்ல சேத்தாகணும்."

"சரி மாமா."

"அவ சொன்னா சொன்னதுதான். நான் நடுவுல பேச மாட்டேன். முப்பது வருஷமா பேசினதில்ல, இப்ப போய் எதுக்கு."

வாண்டு என்பது அவன் மகள். ஐந்து வயது. அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அது பள்ளி விண்ணப்பத்துக்கு மட்டும்.

மனைவி இறந்து ஏழு மாதம் ஆகிறது. முதல் நான்கு மாதம் அப்பாவும் மகளும் எப்படியோ ஓட்டினார்கள். ஒரு நாள் அத்தை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். தொட்டியில் பாத்திரம் மலைபோலக் கிடந்தது. அடியில் இருந்த கிண்ணத்தில் பச்சையாகப் பூசணம். சர்க்கரை டப்பாவிலிருந்து ஜன்னல்வரை எறும்புச் சாரை. வாண்டு தரையில் குப்புறப் படுத்து ஒவ்வொரு எறும்புக்கும் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். அத்தை நேரே அறைக்குள் போனார். குழந்தையின் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்தார். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் வாயைத் திறந்தார்.

"சமையல்கட்டு இப்படிக் கெடக்குற வீட்ல புள்ள இருக்க வேண்டாம் மாப்பிள்ள."

அந்த ஒரு வாக்கியத்தை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். வேறு எதையும் பிடித்துக்கொள்ளத் தெம்பு இல்லை. சமையல்கட்டு அழுக்கு, அதனால் பிள்ளை இல்லை. சமையல்கட்டு சுத்தமானால் பிள்ளை வரும். கணக்கு நேராக இருந்தது.

அவன் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். குழாய்த் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்து வந்து, அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை. சுத்தம் என்பது அங்கே குணமல்ல, ஒழுங்குமுறை. அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

எழுந்ததும் குப்பைப் பையைக் கட்டி வெளியே வைப்பான். மேடைக்கு நீலத் துணி, பாத்திரத்துக்கு வெள்ளைத் துணி. ஒன்றின் வேலையை மற்றொன்று பார்க்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் கொதிநீரில் போட்டு எடுப்பான். கழுவாத ஒரு டம்ளர் பொழுது விடிவதற்குள் குட்டி போட்டு நாலாகிவிடும் என்பதை அனுபவத்தில் கண்டிருந்ததால், குடித்த கையோடு கழுவிக் கவிழ்ப்பான். கழுவிய பிறகு தொட்டியையும் ஈரம் போகத் துடைப்பான். மேடைமேல் எந்தச் சாமானும் நிற்காது. புதிதாக வாங்கியது பின்வரிசைக்கு, பழையது முன்வரிசைக்கு. துரு ஏறிய பழைய டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே அளவில் பன்னிரண்டு கண்ணாடி ஜாடி வாங்கினான். அரிசி, பருப்பு, மாவு, உப்பு, மிளகு என்று கழுத்துவரை நிரப்பினான். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பட்டை ஒட்டி, பெயரும் திறந்த தேதியும் எழுதினான். பரிசோதனைக் கூடத்தில் தேதி எழுதாத பாட்டில் செல்லாத பாட்டில்.

சாப்பாடு மதியம் அலுவலகக் கேன்டீனில். சாயந்தரம் தெருமுனை பேக்கரியில் ஒரு பன்னும் இரண்டு வாழைப்பழமும். மாடி ஏறி முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். முதலில் சமைக்க மனம் வரவில்லை. பிறகு, சமைத்தால் அழுக்காகும். அழுக்காகாததைத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தான்.

வேலையிடத்தில் கிருமிப் பிரிவைப் பார்ப்பவருக்குப் பாக்டீரியா என்று பட்டப்பெயர். அவர்தான் ஒரு நாள், "அப்படி என்னய்யா துடைக்கிற? மேடையில ஒரு பஞ்சு தேச்சு எடுத்துட்டு வா, என்ன வளருதுன்னு பாப்போம்" என்றார். எடுத்துப் போனான். இரண்டு நாள் கழித்து மூடிய தட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"ஒண்ணுமே முளைக்கலப்பா. ஆஸ்பத்திரியில எடுத்தாக்கூட நாலு புள்ளி வரும். வீட்ல ஆளு குடியிருக்கீங்களா, இல்ல பூட்டிக் கெடக்கா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அது கேள்வி என்று அவனுக்குப் படவில்லை.

சனிக்கிழமை பஸ் அரைமணி தாமதம். வாண்டு ஒரு விரற்கடை வளர்ந்திருந்தாள். அத்தையின் பைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் ஒளிந்திருந்துவிட்டு, பிறகு பெரிய மனசு பண்ணி ஒரு விரலை மட்டும் அவனிடம் கொடுத்தாள். அந்த விரலைப் பிடித்தபடியே வீடுவரை நடந்தார்கள்.

உள்ளே வந்ததும் நேரே சமையலறைக்கு ஓடியவள், நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இது நம்ம வீடாப்பா?"

"ஆமா."

"எறும்பெல்லாம் எங்க?"

"வேற வீட்டுக்குப் போயிடுச்சு."

"அங்க சாப்பாடு குடுக்குறாங்களா?"

"குடுப்பாங்க."

அத்தை கை கழுவிக்கொண்டு வந்தார். ஒரு பெண்கள் விடுதியின் சமையல்கூடத்துக்கு மேற்பார்வை அவர். இருநூறு பேர் சாப்பிடுகிற இடம். சமையல்காரர்களே அவர் நடை சத்தம் கேட்டால் கரண்டியை இன்னொரு தடவை கழுவுவார்களாம். அடுப்பைத் தூக்கி அடியில் விரலைத் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் இல்லை. அலமாரிக் கதவின் கைப்பிடியைத் தடவினார். குழாயின் பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"பரவாயில்லையே," என்றார். "என் ஆளுங்க நாலு பேரை இங்க அனுப்பி வைக்கணும் போல இருக்கு."

அவனுக்கு மூச்சு சீராக வந்தது. வாண்டின் பழைய தலையணைக்கு உறை மாற்றி வைத்திருந்ததை நினைத்துக்கொண்டான்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜாடிகளின் முன்னால் நின்றார்.

"பருப்பு. இது என்ன தேதி?"

"திறந்த தேதி அத்தை. ஆபீஸ்ல அப்படித்தான் எழுதுவோம். பழசா புதுசான்னு தெரியும்."

"நல்ல பழக்கம்." அடுத்த ஜாடியைத் திருப்பினார். "மாவு. அதே தேதி." அடுத்தது. "அரிசி. அதே தேதி. மிளகு. அதே." கை நின்றது. "மூணு மாசம் ஆச்சே மாப்பிள்ள. எல்லாம் கழுத்துவரைக்கும் இருக்கு."

அவன் மிளகு ஜாடியை வரிசையில் நேராக்கினான்.

"டீத்தூளும் சர்க்கரையும் மட்டும் போன வாரத் தேதி." கண்ணாடியைக் கழற்றினார். "தீர்ந்த தேதி எழுத மாட்டீங்களா?"

"அப்படி ஒரு பழக்கம் இல்ல."

"என் ஹாஸ்டல்ல ஒரு பொண்ணு நாலு நாள் சரியாச் சாப்பிடலேன்னா எனக்கு அரிசியிலேயே தெரியும். யாரும் வந்து சொல்ல வேணாம். ராத்திரி என்ன சாப்பிடுறீங்க?"

"பன்னு."

"அப்புறம்?"

"வாழைப்பழம்."

அத்தை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டவில்லை. அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ வெச்சிருந்த டப்பால்லாம் எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன் அத்தை. துரு."

"ஒண்ணுகூடவா இல்ல?"

"ஒண்ணுகூட."

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது. அத்தை புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"பசிக்குது," என்றாள் வாண்டு, யாரிடம் என்றில்லாமல்.

அவன் எழுந்தான். மகள் வருகிறாள் என்று நேற்று ஆறு முட்டையும் பாலும் வாங்கி வைத்திருந்தான். அரிசி ஜாடியைத் திறந்தான். மூன்று மாதமாக அசையாத மூடி 'டக்'கென்று விட்டது.

"எத்தனை டம்ளர் போடணும் அத்தை?"

"என்னைக் கேக்காதீங்க. இருநூறு பேருக்குன்னா கண்ண மூடிட்டு அளப்பேன். வீட்ல உங்க மாமாதான் வைப்பாரு."

மூன்று டம்ளர் போட்டான். மூன்று பேருக்கு மூன்று. பார்வைக்கு நியாயமாகத்தான் இருந்தது. கால்மணி நேரத்தில் சோறு மூடியைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. கஞ்சி வழிந்து அடுப்பெல்லாம் நுரைத்தது.

"அப்பா, அடுப்புக்கு மீசை," என்றாள் வாண்டு.

அவன் கை தானாக நீலத் துணிக்குப் போயிற்று.

"விடுங்க," என்றார் அத்தை. "அடுப்பு எங்கயும் ஓடிப் போகாது. முட்டையப் பாருங்க, கருகுது."

முட்டை ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் வேகாமல் வந்தது. உப்பு போட மறந்திருந்தான். ஆறு பேர் சாப்பிடுகிற அளவுக்குச் சோறு. மூவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். அது மரியாதைக்கு என்று அவனுக்குத் தெரியும். அவனும் இரண்டாம் முறை போட்டுக்கொண்டான். அது மரியாதைக்கு அல்ல. வாண்டு ஒன்றரை முட்டை சாப்பிட்டுவிட்டு, கை கழுவாமலே அவன் தொடையில் தலை வைத்துத் தூங்கிப்போனாள்.

அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கால் மரத்தது.

"இவ இங்க இருந்தா சமைப்பேன் அத்தை. தினமும் சமைப்பேன்."

"தெரியும். இன்னிக்கே பாத்தேனே." அத்தை குரலைத் தாழ்த்தினார். "அதான் எனக்குப் பயமா இருக்கு. அவ இருந்தா சாப்பிடுவீங்க, இல்லேன்னா மாட்டீங்க. அஞ்சு வயசுப் புள்ள தலையில அதைக் கட்டச் சொல்றீங்களா?"

அவன் மகளின் விரல்களில் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்தான்.

"நான் அழுக்கா இருக்கும்னு நெனச்சு வந்தேன் மாப்பிள்ள. நல்லா நாலு வார்த்தை திட்டிட்டு, சாயந்தரத்துக்குள்ள கழுவிக் குடுத்துட்டு, புள்ளைய விட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். இதுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

"ஒருத்தனுக்கு எப்படிச் சமைக்கிறதுன்னு எனக்குத் தெரியல அத்தை."

"யாருக்கும் தெரியாது. அளவே வராது." தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "இந்த வருஷம் அங்கயே சேத்துடுறேன். கோவப்படுங்க, பரவாயில்ல."

"கோவம் இல்ல."

"இருந்தா நல்லா இருக்கும்," என்றார் அத்தை. "சனிக்கிழமை சனிக்கிழமை கூட்டிட்டு வர்றேன். ஞாயித்துக்கிழமை சாயந்தரம் போறோம். அடுத்த வருஷம் பேசிக்கலாம்."

"நீங்களும் இருப்பீங்களா?"

"அவளைத் தனியா பஸ் ஏத்தவா முடியும்?"

நாலு மணிக்கு வாண்டு விழித்தாள். இன்றைக்கு எங்கே தூங்க வேண்டும் என்று கேட்டாள். ஊரில் என்றார் அத்தை; விடுதிக்கு நாளை சாமான் வருகிற நாள், அவர் இல்லாமல் ஆகாது. வாண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"சைக்கிள் அங்கதான இருக்கு," என்று அப்பாவுக்கு விளக்கினாள்.

"ஆமா," என்றான்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வாண்டு கையசைத்தாள். பஸ் கிளம்பவில்லை, ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருந்தார். எவ்வளவு நேரம்தான் கையசைப்பது. அவள் கையை இறக்கிவிட்டு முன்சீட்டுக்காரரின் வழுக்கையைப் பார்க்க ஆரம்பித்தாள். பஸ் நகர்ந்தபோது அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அத்தைதான் திரும்பினார்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. பேக்கரிக்காரர் அவனைப் பார்த்ததும் வழக்கம்போல ஒரு பன்னைத் தாளில் சுற்ற ஆரம்பித்தார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தான். நாலு கடை தள்ளிக் காய்கறி வண்டி நின்றது. எதையாவது வாங்க வேண்டும் என்பதுவரைதான் யோசித்திருந்தான். உருளைக்கிழங்கைக் காட்டினான்.

"எவ்வளவு போட?"

"ஒருத்தருக்கு."

வண்டிக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஒருத்தருக்குன்னா எத்தனை நாளைக்குண்ணே?"

"வெள்ளிக்கிழமைவரைக்கும்."

"அப்புறம்?"

"சனிக்கிழமை மூணு பேரு."

"அப்ப சனிக்கிழமை வந்து வேற வாங்கிக்குங்க. இப்ப அரைக் கிலோ போதும். பை இருக்கா?"

பை இல்லை. பேன்ட் பைகளில் இரண்டிரண்டாகத் திணித்துக்கொண்டு, மிச்சத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மூன்று மாடி ஏறினான். கதவுமுன் வந்த பிறகுதான் சாவி பைக்குள் கிழங்குக்கு அடியில் இருப்பது நினைவுக்கு வந்தது. கையில் இருந்தவற்றைத் தரையில் வைத்தான். ஒன்று மட்டும் நிற்காமல் உருண்டு, படியில் விழுந்து, ஒவ்வொரு படியாகத் தட்டித் தட்டிக் கீழே போயிற்று.

அது நிற்கும்வரை காத்திருந்துவிட்டு, எடுக்க இறங்கினான்.