துளைக்குப் பொருந்திய ஊசி

விசாலாட்சிக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளாது. வெங்காயம்தான் மாட்டிக்கொள்ளும். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாருக்கு மேலே இருந்த அவர்களுடைய குவார்ட்டர்ஸின் அடுக்களையில், பக்கோடாவுக்கு வேண்டியதைப்போல இரண்டு மடங்கு வெங்காயத்தை நறுக்கித் தள்ளியிருந்தாள். முன்னறையில் அவள் கணவன் ஜெகநாதன் ரெக்கார்ட் பிளேயரைத் துடைத்தபடி விசிலடித்துக்கொண்டிருந்தான். அதைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். விசாலாட்சி நன்றாகப் பாடுவாள், அதாவது ஒரு காலத்தில் பாடிக்கொண்டிருந்தாள். போர்ட் பிளேரில் தமிழர்கள் கூடும் பொங்கல் விழா அவள் பாட்டில்லாமல் தொடங்கியதில்லை. பிறகு கழுத்தில் ஒரு கட்டி வந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார், உயிருக்கு ஆபத்தில்லை, குரலுக்கு உத்தரவாதம் தர முடியாது என்று. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் யாரிடமும் கேட்காமல் அவளே ஒரு ஸ்டூடியோவைத் தேடிப் போய், ஒரு பாட்டைப் பாடித் தட்டில் பதித்துக்கொண்டாள். கடையில் விற்கும் இசைத்தட்டு மாதிரி கெட்டியானதல்ல அது. அலுமினியத் தகட்டின் மேல் மெழுகு போன்ற கறுப்புப் பூச்சு, அதில் கீறிய கோடு. ஒவ்வொரு தடவை ஊசி ஓடும்போதும் கொஞ்சம் தேயும். பிரதியும் அது ஒன்றுதான். திரும்பி வரும்போது கப்பலில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் பயந்தபடியே ஆயிற்று. இப்போது அவள் வாயைத் திறந்தால் துருப்பிடித்த கீல் சத்தம்தான் வரும்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஜெகநாதன் செய்ததுதான். மராமத்து ஆபீஸில் அவன் ஹெட் கிளார்க். வீட்டுக்கு யாராவது பெரிய மனிதர் வந்தால் முதல் காரியமாக அவளை உள்ளே அனுப்பிவிடுவான். "நீ பேசாத விசாலம், கேக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். நான் தட்டைப் போடறேன், அதைக் கேட்டுட்டுப் போகட்டும்." தட்டு பாடும். அவள் வாயைத் திறக்காமல் டீ கொண்டுவந்து வைப்பாள். வந்தவர்கள் "ஆஹா, என்ன குரல் சார்!" என்று அவனைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். ஏதோ அவன் தொண்டையிலிருந்து வந்தது போல!

அந்த வருஷ மழையில் பிளேயரின் கார்ட்ரிட்ஜ் செத்தது. ஊசியைப் பிடித்துக்கொண்டு, அதன் நடுக்கத்தை மின்சாரமாக்கும் நகமளவு சாமான் அது. பழையது கிரிஸ்டல் வகை. உள்ளே இருப்பது ஒருவித உப்பு. அந்தமான் மழைக்காலத்தில் வீட்டு உப்பே ஜாடியில் தண்ணீராகும்போது அது எம்மாத்திரம்? விசாலாட்சி மழைக்கு நன்றி சொன்னாள். தட்டுக்குக் கொஞ்சம் ஓய்வு. அதற்குள் பக்கத்து வீட்டுச் சந்திரமதி, ரேடியோ நிலையத்தில் வேலை பார்ப்பவள், ஒரு வழி சொன்னாள். தட்டை அங்கே இருக்கும் நல்ல மெஷினில் ஒரே ஒரு தடவை ஓட்டி டேப்பில் ஏற்றிவிடலாம். திங்கட்கிழமை காலையில் கொண்டு வா என்றாள். டேப்பில் ஏறிவிட்டால் குரல் எங்கும் போகாது.

ஜெகநாதனால் அதுவரை சும்மா இருக்க முடியவில்லை. ஆபீஸுக்குப் புதிதாக வந்த இன்ஜினியர் இராமகிருஷ்ணன் ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு டீக்கு வருகிறார். அவருக்குப் பாட்டென்றால் உயிர் என்று யாரோ சொல்லித் தொலைத்திருந்தார்கள். ஜெகநாதன் நேரே துறைமுகத்துக்குப் போய், ஒரு வெளிநாட்டுக் கப்பல்காரனிடம் பளபளக்கும் கார்ட்ரிட்ஜ் ஒன்றை வாங்கிவந்தான். ஊசியும் அதிலேயே செருகியிருந்தது. அதைப் பொருத்த ஜங்லிகாட் பகுதியில் இருந்த சிலுவைராஜின் ரேடியோ கடைக்குக் கிளம்பியபோது விசாலாட்சியும் கூடவே போனாள். தட்டு அவளுடையதல்லவா?

சிலுவைராஜ் தூத்துக்குடிக்காரன். பெட்டியிலிருந்த காகிதத்தைப் படித்துவிட்டுத் தன் அலமாரியிலிருந்து இன்னொரு கார்ட்ரிட்ஜையும் அதன் காகிதத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தான். "சார், இது செராமிக். ஈரத்துக்கு அசையாது. அரை வோல்ட் குடுக்கும், பிளேயரை மாட்டுற ஒங்க ரேடியோவுக்கு அது போதும். நீங்க கொண்டாந்தது காந்த வகை. அஞ்சு மில்லிவோல்ட்டுதான். நடுவுல இன்னொரு ஆம்ப்ளிஃபையர் இல்லாம கொசு கத்துற மாதிரிதான் கேக்கும்."

ஜெகநாதன் இரண்டு காகிதத்தையும் பார்த்தான். "இதுல அஞ்சுன்னு போட்டிருக்கு. உன்னுதுல அரைன்னு போட்டிருக்கு. எதுப்பா பெரிசு?"

"சார், இது மில்லி. ஆயிரத்துல அஞ்சு."

"ஃபாரின் மால்டா! ஏக்தம் புதுசு. உன் சரக்கை என் தலையில கட்டப் பாக்கறியா?"

சிலுவைராஜ் அவனை விட்டுவிட்டு லென்ஸை எடுத்து ஊசியைப் பார்த்தான். பிறகு விசாலாட்சியிடம் திரும்பினான். "அக்கா, இது நிமிசத்துக்கு எழுபத்தெட்டு சுத்து சுத்துற பழைய தட்டுக்கு உள்ள ஊசி. ஒங்க தட்டோட கோடு முடி மாதிரி சன்னம். இது அதைப்போல மூணு பங்கு தடிமன். கோட்டுக்குள்ள எறங்காது, சுவரை இடிச்சுக்கிட்டே போவும். ஒங்க தட்டுல மட்டும் வச்சிராதீங்க, சொல்லுதேன்."

"ஊசி அதோட துளையில கச்சிதமா நிக்குதில்ல? அப்புறம் என்ன பொருந்தலை?" என்று ஜெகநாதன் மேஜையில் தட்டினான். சிலுவைராஜ் ஒயரைப் பற்றவைத்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே விசாலாட்சி சொல்லிவிட்டாள். "ஏங்க, நாளைக்குக் காலையில டேப்புல ஏத்தறாங்க. இன்னிக்கு ஒருநாள் அதைத் தொடாதீங்க. வேற எந்தத் தட்டை வேணா போடுங்க."

"அச்சா, அச்சா. தொடலை, போதுமா?" என்றான்.

அந்த வாக்கை நம்பித்தான் அவள் அடுக்களையில் நின்றாள். முன்னறையில் இன்ஜினியரும் அவர் மனைவி நீலாவதியும் வந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. எண்ணெய் காய்ந்தது. முதல் ஈடு பக்கோடாவைப் போட்டாள். எண்ணெய்ச் சத்தத்துக்கு மேலே எதுவும் கேட்கவில்லை. அது அடங்கியபோது, முன்னறையிலிருந்து மிக மெல்லியதாக, பாட்டிலுக்குள் அடைபட்ட ஈயைப் போல, ஒரு குரல் கேட்டது. அவளுடைய குரல்.

கரண்டியைக் கையில் பிடித்தபடியே ஓடினாள்.

"சவுண்டு கொஞ்சம் கம்மியா இருக்கு சார். இதோ," என்று சொல்லிக்கொண்டே ஜெகநாதன், ஊசி அழுந்தினால் சத்தம் கூடும் என்று, ஒரு கால் ரூபாய் நாணயத்தை ஊசிக்கு மேலே வைத்தான். போதவில்லை. இன்னொன்றையும் வைத்தான். வேண்டாம் என்று அவள் வாயெடுப்பதற்குள் ஊசியின் தண்டு மடங்கியது. கர்ர் என்று ஒரு சத்தம். கறுப்புப் பூச்சு நூல் நூலாகச் சுருண்டு எழுந்தது. தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. கறுப்புக்குள்ளிருந்து வெள்ளைத் தகடு வட்டம் வட்டமாகத் தெரிந்தது.

அவளே பாய்ந்து பிளேயரின் ஊசிக்கையைத் தூக்கினாள். தட்டில் விரல் வைத்துப் பார்த்தாள். பல்லவி இருந்த இடம் வழித்த சட்டிபோல மொழுமொழுவென்றிருந்தது.

ஜெகநாதனுக்கு அப்போதும் கோபம் மற்றவர்கள் மேல்தான். "கப்பல்காரப் பய ஏமாத்திட்டான் சார்! அந்தச் சிலுவைராஜும் சரியா ஒயர் வைக்கலை." பிறகு அவளைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "போனாப் போகுது, இன்னொண்ணு பதிச்சுக்கலாம். நீ உள்ள போ விசாலம்," என்றான்.

இன்னொன்று! விசாலாட்சி தட்டிலிருந்து விரலை எடுத்தாள். தன் தொண்டையில் இனி அந்தக் குரல் இல்லை என்பதையே இந்த மனுஷன் மறந்துவிட்டான். அவனுக்கு அவள் அந்தத் தட்டுதான். அது போனால் வேறொரு தட்டு.

"எதைப் பதிப்பீங்க?" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டு நீலாவதியின் கையிலிருந்த கோப்பை சாஸரில் இடித்தது. ஜெகநாதன் சட்டென்று எழுந்தான். "விசாலம், சார் இருக்காரு..."

"இருக்கட்டும். பாட்டுக் கேக்கத்தானே வந்திருக்காங்க?"

"நாங்க இன்னொரு நாள் வர்றோம்மா," என்று இராமகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். அவள் கரண்டியை நீட்டி உட்காரச் சொன்னாள். அவர் உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் வடிந்து தரையில் சொட்டியது.

அவள் பாடினாள். தட்டில் இருந்த பாட்டை அல்ல, அது போய்விட்டது. அவள் அம்மா நாற்று நடும்போது பாடியதை எடுத்தாள். முதல் அடியிலேயே குரல் இரண்டாகப் பிளந்தது. அடுக்களையில் பக்கோடா தீயும் வாசனை வந்தது, அவள் அசையவில்லை. மேலே போக வேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அதே இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கினாள். ஜெகநாதனின் காதெல்லாம் சிவந்திருந்தது. அவனால் விருந்தாளிகளைப் பார்க்க முடியவில்லை, அவளையும் பார்க்க முடியவில்லை.

"போதும் விசாலம். கெஞ்சிக் கேக்கறேன், போதும்."

"இன்னும் ரெண்டு அடி இருக்கு," என்றாள். "உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான்.