மயிலம்மாள் நின்ற பக்கம்

திருநாவுக்கரசு வாத்தியாருக்கு வேறு வேலை இல்லை. பெடாஸ் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டாயிற்று. காட்டுக்குள் நாள் தவறாமல் துப்பாக்கி வெடிக்கிறது. காட்டுக்காரர்களை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த இந்த அவசரகாலத்தில்தான் அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஜப்பான் சண்டையைப் பாடம் நடத்தப் புறப்பட்டார். எதிரி யார், நண்பன் யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொன்னாராம். துரை தன்னிடம் நேரில் பேசிவிட்டதில் வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்து போய்விட்டது. தரையில் சாக்குக்கட்டியால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். இந்தப் பக்கம் வெள்ளைக்காரன், அந்தப் பக்கம் ஜப்பான்காரன். ஜப்பான் காலத்தில் அவரவர் வீடு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டுக்கொண்டு வந்து, மறுநாள் அந்தப் பக்கமாக நின்று சொல்ல வேண்டும் என்றார். சண்டை முடிந்து ஆறு வருஷம்தான் ஆகிறது. மூளை உள்ள மனுஷன் செய்கிற காரியமா இது?

பால்மரம் வெட்டும் மயிலம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. மறுநாள் விடியலில் அவள் அவசர அவசரமாகத் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மகள் செல்லம்மா கேட்டாள்.

"யம்மா, அப்பா சொன்னாருல்ல, அப்ப நாம தொப்பிக்காரங்களுக்குக் குடுத்தது சோறா, கெழங்கா?"

"சோத்துக்கு எங்கடி போறது? மரவள்ளிக்கெழங்குதான்."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று யோசிக்க நேரமில்லை.

பக்கத்து நிரையில் மரம் வெட்டுகிறவள் மங்கம்மா. பக்கத்து வீட்டுக்காரியும் அவள்தான். மயிலம்மாளுக்குப் பிள்ளை பிறந்தபோது பத்தியம் ஆக்கிப் போட்டவள்.

"மயிலு, இன்னிக்கு எல்லாப் பிள்ளைங்களும் அவங்கவங்க வீட்டுக் கதைய சொல்லணுமாம்லா. கணக்கெழுதுற கிராணியும் வந்து ஒக்காருறானாம். எம்மவகிட்ட சத்தமா சொல்லுடின்னு சொல்லியிருக்கேன். அவ அப்பன ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோடு போடப் புடிச்சிட்டுப் போயி அங்கயே சாகடிச்சத இங்க எல்லாரும் மறந்துட்டாங்க."

மயிலம்மாளின் உளி பட்டையைத் தாண்டி மரத்துக்குள் இறங்கிவிட்டது. விடியலில் மகள் கேட்டது எதற்கென்று இப்போதுதான் புரிந்தது.

தொப்பிக்காரர்கள் என்றால் மூன்று நட்சத்திரத் தொப்பி போட்டவர்கள். ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டுக்குள்ளிருந்து சண்டை போட்டவர்கள். அவள் புருஷன் ஆறுமுகம் பகலில் ஜப்பான் அதிகாரியின் பங்களாவைக் கூட்டுவான். இருட்டியதும் காட்டு ஓரத்தில் கிழங்குக் கூடையை வைத்துவிட்டு வருவான். மங்கம்மாவுக்குக்கூட அது தெரியாது. அன்றைக்கு அந்தத் தொப்பிக்காரர்களுக்கு விமானத்திலிருந்து துப்பாக்கி போட்டவன் வெள்ளைக்காரன். சண்டை முடிந்ததும் கூப்பிட்டுப் பதக்கம் குத்தியவனும் அவன்தான். இப்போது அவர்கள் அதே காட்டிலிருந்து அவனையே சுடுகிறார்கள், அவனும் அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்கிறான். போன மாதம் பக்கத்துத் தோட்டத்து முனியாண்டி காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தான் என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், இன்னும் ஆளைக் காணோம். இது பழைய கிழங்கு ஐயா, உங்கள் பக்கத்துக் கிழங்கு ஐயா என்றால் எவன் கேட்கப் போகிறான்? கிராணி விசுவநாதனுக்கு ஒரு சொல் போதும். ஆறுமுகத்தை அன்றைக்கே போலீசில் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான்.

வாளியை அப்படியே போட்டுவிட்டு மயிலம்மாள் ஓடினாள். என்னவோ ஏதோ என்று மங்கம்மாவும் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள்.

பள்ளிக்கூடத்தில் செல்லம்மா வெள்ளைக்காரன் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். பாவம், ஜெயித்த பக்கம் நம் பக்கம் என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்கப்பா தொப்பிக்காரங்களுக்குக் கெழங்கு குடுத்தாரு சார்."

நாற்காலியில் சாய்ந்திருந்த கிராணி நிமிர்ந்து உட்கார்ந்தான். குரலில் தேன் ஒழுகியது.

"எந்தத் தொப்பிக்காரங்க பாப்பா?"

"ஜப்பான் தொப்பிக்காரங்க!" என்று வாசலிலிருந்தே கத்தினாள் மயிலம்மாள்.

"இல்லம்மா, அவங்க தொப்பியில மூணு..."

மயிலம்மாள் பாய்ந்து போய் மகளின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். குரலை இறக்காமல் கிராணியிடம் திரும்பினாள்.

"தெரியாம ஒளறுது ஐயா. பால் மறக்காத வயசு அப்ப. எம்புருசன் ஜப்பான்காரன் பங்களாவுல வேல செஞ்சது ஊருக்கே தெரியும்ல?"

"கூட்டுற வேலைக்கு இழுத்துட்டுப் போனாங்க, அது தெரியும். கெழங்க எதுக்கு வீட்டுலேருந்து கொண்டுபோய்க் குடுக்கணும்?" கிராணி விடுவதாக இல்லை.

"கெழங்கு மட்டுமா குடுத்தோம்? கோழி குடுத்தோம், முட்ட குடுத்தோம். லயத்து வீடுங்கள்ல யாரு என்ன பேசுறாங்கன்னு சேதியும் குடுத்தோம். இல்லாட்டி சயாமுக்கு ஆள் புடிச்சப்ப எம்புருசன மட்டும் ஏன் விட்டாங்க?"

கிராணி சிரித்தான். இந்தக் கணக்கு அவனுக்கு நன்றாகப் புரிந்தது. ஜப்பான்காரனுக்குச் சலாம் போட்டவர்களை வெள்ளைக்காரன் எப்போதோ மன்னித்து வேலையும் கொடுத்துவிட்டான். விசுவநாதனே ஜப்பான் காலத்திலும் கிராணிதான்.

"செல்லம்மா, நீ அந்தப் பக்கம் போய் நில்லு," என்றார் வாத்தியார்.

பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஜப்பான்காரன் பக்கம் போய் நின்றது. கண்ணீர் ஓடிய முகத்தை அம்மா பக்கம் திருப்பவே இல்லை. ஆறுமுகம் பிழைத்துவிட்டான் என்று மயிலம்மாள் மூச்சுவிட்டாள்.

"மயிலு."

வாசலில் மங்கம்மா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ, எதையெல்லாம் கேட்டாளோ. முகத்தில் ரத்தமில்லை.

"சயாமுக்கு ஆள் புடிச்ச அன்னிக்கு, பேர் கூப்புடுற பெரட்டுக்களத்துல மொதல்ல ஒம்புருசனத்தான் ஜப்பான்காரன் லாரியில ஏறச் சொன்னான். பெறகு அவர எறக்கிட்டு எம்புருசன ஏத்துனான். பங்களா கூட்டுற ஆளாச்சே, அதான் விட்டுட்டான்னு நானே எல்லார்கிட்டயும் ஒனக்காகப் பேசினேன்." அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சேதி குடுத்துத்தான் எம்புருசன ஏத்துனானா?"

இல்லவே இல்லை அக்கா, நீ நம்பியதுதான் நிஜம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவள் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. கிராணி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது.

"ஆமாக்கா," என்றாள் மயிலம்மாள். "நாங்கதான் சொன்னோம்."

மங்கம்மா உள்ளே வந்து தன் மகளின் கையைப் பிடித்து, மயிலம்மாள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஒங்கப்பன கொன்னவ மொகம் இதுதான்டி. நல்லாப் பாத்து வச்சுக்க."