இருக்கிற ஒரு கால்

தையல்காரருக்கு இடது கால் சூம்பிப்போனது கைக்குழந்தையாக இருந்தபோது. காய்ச்சலுக்கென்று பிட்டத்தில் போட்ட ஊசி நரம்பில் பட்டுவிட்டது. ஒற்றைக் காலால் மிஷின் மிதித்தே ஆளாகிவிட்டார். ஆனால் ஊசி என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவார். அப்படிப்பட்டவர், தங்கச்சி கூப்பிட்டதும் கடையைச் சாத்திவிட்டுத் தடுப்பூசி அறைக்கு வந்திருந்தார்.

தங்கச்சி மடியில் குழந்தை. பிறவியிலேயே வலது பாதம் உள்பக்கம் வளைந்திருந்ததால், பாதத்திலிருந்து தொடை மேல்வரை மாவுக்கட்டு.

நர்ஸ் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "ரெண்டு ஊசியையும் இடது தொடையிலயே போட்டுடலாம்."

"இருக்கறதே ஒரு நல்ல கால். அதுலயே ரெண்டா? கையில போடுங்களேன்" என்றாள் தங்கச்சி.

"கையில சதை ஏதும்மா? இந்த வயசுல தொடையிலதான் இருக்கு."

"அப்போ பின்னாடி..." என்றவள், அண்ணனைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

தையல்காரர் எழுந்து காலை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். நர்ஸ் அவர் நடையைப் பார்த்தாள்.

"பின்னாடி குழந்தைங்களுக்குப் போடறதில்ல சார். அங்க பெரிய நரம்பு ஓடுது."

"தொடையில ஓடலையா?"

"அது உள்பக்கம். நான் போடறது வெளிப்பக்கம், நடுவுல." அவர் விரலைப் பிடித்துக் குழந்தையின் தொடையில் அந்த இடத்தில் வைத்தாள். அங்கே சதை திரண்டிருந்தது. "ஒண்ணு இங்க. இன்னொண்ணு ரெண்டு விரல் தள்ளி."

அவர் விரலை எடுக்கவில்லை. கொஞ்சம் அழுத்திப் பார்த்தார்.

"குடு, நான் பிடிச்சுக்கறேன்" என்று குழந்தையை வாங்கி உட்கார்ந்தார்.

"முட்டியை லேசா மடக்குங்க. விறைப்பா இருந்தா வலிக்கும்."

தங்கச்சி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் ஊசி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குழந்தை மூச்சை அடக்கி, பிறகு வீறிட்டது. அந்த அழுகை ஓய்வதற்குள் இரண்டாவதும் முடிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னதால் வெளி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பால் குடித்து விம்மல் அடங்கியதும் குழந்தை இடது காலை உதைத்தது. அது அண்ணனின் சட்டைப் பாக்கெட்டில் பட்டது. அவர் நகர்த்தவில்லை.

"அடுத்த ஊசிக்கும் வரியாண்ணா?"

"கடையை யார் பாக்கறது?" என்றார். கொஞ்சம் கழித்து, "காலையில வெச்சுக்கோ. மத்தியானம்னா ஆளுங்க வருவாங்க" என்றார்.