அரைக்கட்டை

எனக்குத் தலைக்கனம் அதிகம் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். நாலு வயதிலிருந்தே எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அது இன்ன ஸ்வரம் என்று சொல்லிவிடுகிற காது எனக்கு. லிஃப்ட் மணி, மிக்சி, எதுவானாலும் சரி. இந்தக் காதை நம்பி முப்பத்தைந்து வருடம் மேடையில் பியானோ வாசித்தாயிற்று. என் மகளுக்கும் அதே காது. அவள் வயலின்காரி.

போன வருடம், பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்தவரைக் கண்டபடி திட்டினேன்.

"என்னய்யா இது? மொத்தமா அரைக்கட்டை ஏத்தி வச்சிருக்கீங்க!"

இருபது வருடமாக வருகிற மனிதர். எப்போதும் ஒரே ஸ்வரம் தருகிற டியூனிங் ஃபோர்க்கைத் தட்டி என் காதருகே பிடித்தார். அதுவும் அரைக்கட்டை, அதாவது பியானோவில் அடுத்த கட்டை அளவுக்கு, ஏறித்தான் கேட்டது.

"ஃபோர்க் மாறாது சார்," என்றார் மெதுவாக.

மாறியது என் காதுதான். இப்படிப்பட்ட காதுக்காரர்கள் சிலருக்கு ஐம்பதைத் தாண்டினால் வருவதுதான், மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னார். சாதாரணக் காதுக்காரருக்கு வந்திருந்தால் தெரியக்கூடத் தெரியாதாம். எனக்கோ, விரல் ஒரு கட்டையை அழுத்தினால் காது பக்கத்துக் கட்டை என்கிறது. மெதுவான இடங்களில் சமாளித்துவிடுவேன். வேகம் பிடித்ததும் விரல்கள் காதை நம்பி நகர்ந்துவிடும். அவற்றை இழுத்துப் பிடிப்பதற்குள் மானம் போய்விடும்.

வழி சொன்னவரும் சுருதிக்காரர்தான். கச்சேரிக்கு முன் பியானோ முழுவதையும் அரைக்கட்டை இறக்கி வைத்துவிடுவார். என் காதுக்கு எல்லாம் சரியாக விழும். தனியாக வாசிக்கும்போது கேட்கிறவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. ஏழு கச்சேரி இப்படி ஒப்பேற்றினேன். என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் மகளின் போன் வந்தது.

"அப்பா, பெரிய ஹால்ல எனக்கு முதல் கச்சேரி! நீங்கதான் பியானோ. ரெக்கார்டிங் கம்பெனிக்காரர் ஒருத்தர் என்னைக் கேக்கறதுக்குன்னே வர்றார். பிடிச்சிருந்தா ஒப்பந்தம் போட்டுடுவார்ப்பா."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். "அதுக்கென்ன, ஜமாய்ச்சுடலாம்!" என்றது என் வாய். அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பாடு இறங்கவில்லை.

கச்சேரியன்று காலை ஹாலில் ஒத்திகை. பியானோ சரியான சுருதியில் இருந்தது, அதாவது எனக்குத் தப்பான சுருதியில். இரண்டாம் பக்கத்து வேகமான இடத்தில் என் வலது கை சறுக்கியது. மறுபடி வாசித்தோம், மறுபடியும் சறுக்கியது. மூன்றாவது தடவை அவள் வில்லைக் கீழே இறக்கினாள்.

"ராத்திரி சரியா தூங்கலையாப்பா?"

"ஆமாடா."

"பரவால்ல, சாயங்காலம் சரியாயிடும்," என்று சிரித்தாள். ஆனால் மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்குப் போகிற வரைக்கும் திரும்பித் திரும்பி என்னையே பார்த்தாள்.

"என்ன சார் பண்ணட்டும்?" என்று கேட்டார் ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்த சுருதிக்காரர்.

"இறக்குங்க."

"அப்ப பாப்பாவும் வயலினை இறக்கணுமே. இப்பவே சொல்லிடுங்க சார், பாவம்."

"சொல்றேன்யா. நீங்க வேலையைப் பாருங்க."

சொல்லத்தான் போனேன். அறையில் அவள் மேடை உடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "என்னப்பா?" என்று நிமிர்ந்தாள். உலகத்திலேயே பெரிய வித்துவான் அவளுக்கு நான்தான். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துப்பில்லை.

"ஒண்ணுமில்ல. சாப்டியா?"

திரும்பி வந்துவிட்டேன். நாலு தந்திதானே, முறுக்காணியைத் திருப்பினால் அரை நிமிஷத்தில் இறங்கிவிடாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் பயத்தில் தந்தியைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன்.

சாயங்காலம் ஹால் நிறைந்திருந்தது. கம்பெனிக்காரர் மூன்றாம் வரிசையில் இருந்தார். அவள் வயலினைத் தோளில் வைத்துத் தலையசைத்தாள். சுருதி பிடிக்க நான் 'ஏ' கட்டையைத் தட்டினேன். அவள் வில் பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். நான் கட்டைகளைப் பார்த்துக்கொண்டேன்.

"இன்னொரு தடவை," என்றாள் உதட்டுக்குள்.

தட்டினேன். எண்ணூறு பேர் பார்த்திருக்க, ஒவ்வொரு தந்தியாக இறக்கினாள். யாரோ இருமினார்கள்.

ஆரம்பித்தோம். என் காதுக்கு ஒவ்வொரு ஸ்வரமும் அதனதன் இடத்தில் விழுந்தது. விரல்கள் பறந்தன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் சந்தோஷமாக இருந்தேன்.

இரண்டாம் பக்கத்தில் அவள் விரல் சறுக்கியது. அவள் அங்கே சறுக்கி நான் பார்த்ததே இல்லை. நாலு வரி தள்ளி மறுபடியும். நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. ஒருநாளும் இல்லாமல் தன் விரல்களையே வெறித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கும் என் காதுதானே! விரல் ஒரு ஸ்வரத்தை வைக்கிறது, காது வேறொன்றைச் சொல்கிறது. என் வியாதியை எடுத்து அவள் காதில் போட்டுவிட்டு நான் ஜோராக வாசித்துக்கொண்டிருக்கிறேன். பாவி, நான் பாவி. நிறுத்தவும் முடியாது. வேகத்தைக் குறைத்தேன். அவள் எப்படியோ தட்டுத்தடுமாறிக் கடைசி வரை வந்து சேர்ந்தாள்.

மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்குத் திரும்பியதும் வயலினைப் பெட்டியில் படுக்க வைத்தாள்.

"காலைல உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமாடா."

"எவ்ளோ நாளா?"

"ஒரு வருஷமா."

திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவள் திட்டவில்லை.

"காலைலயே சொல்லியிருக்கலாமேப்பா. மத்தியானம் முழுக்க இறக்கி வச்சு வாசிச்சுப் பழகியிருப்பேன்."

கம்பெனிக்காரர் முதல் ஆளாக எழுந்து போனதை இரண்டு பேருமே பார்த்திருந்தோம். வெளியே கைதட்டல் ஓயவில்லை. ஹால்காரர் கதவைத் திறந்து, "சார், விடமாட்டேங்கறாங்க. ஒரு தடவை வந்துட்டுப் போயிடுங்க," என்றார்.

நான் அவள் கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"போங்கப்பா. உங்களைத்தான் கூப்பிடுறாங்க."

நான் போனேன்.