முன் வரி, பின் வரி

விருத்தாசலத்தில் அந்தப் பீங்கான் கடைக்குக் கீழ்த்தளத்தில் வாஷ்பேசினும் கக்கூஸ் கோப்பையும் விற்றார்கள். மாடியில் ஆதிநாராயணன் சார் அறிவு விற்றார். டியூஷனுக்கு வந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர். விடை எழுதும் முறை ஒன்றைச் சார் கண்டுபிடித்திருந்தார். கேட்காதவர்களுக்கும் அதைச் சொல்லிவிடுவார்.

"பத்தியப் படிக்காத. நேரம் போயிடும். கேள்வியப் படி. அதுல இருக்கற வார்த்த பத்தியில எங்க இருக்குதுன்னு தேடு. அதோட முன் வரி, பின் வரி, எல்லாத்தையும் அப்படியே எழுது. தானா மார்க் வரும்."

அணிகளுக்கும் அவரிடம் வைத்தியம் இருந்தது. 'போல' வந்தால் உவமை. வராவிட்டால் உருவகம். எள்ளலை மட்டும் நடத்த மாட்டார். பரீட்சையில் அது வருவதில்லையாம். அந்த மாடிக்குள் எள்ளல் நுழையாமல் பதினோரு வருடம் காத்துவந்தார்.

அங்கேதான் பூங்கோதை தமிழ் சொல்லிக்கொடுக்க வந்து சேர்ந்தாள். எம்.ஏ. முடித்தவள். லைப்ரரியில் இருந்த மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றையும் விட்டுவைக்காதவள். எந்த நாட்டில் எந்த மாதம் ஆற்றுப் பனிக்கட்டி உடையும் என்று அவளுக்குத் தெரியும். பெண்ணாடத்தில் அவள் வீட்டு வாசலில் பஸ் எத்தனை மணிக்கு நிற்கும் என்பது தெரியாது. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சார் சொல்லியிருந்தார். இது மூன்றாவது மாதம். வேலை நிலைக்காவிட்டால் கல்யாணம் என்று அம்மாவும் சொல்லியிருந்தாள். வேப்பூரில் ஓட்டல் வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார்.

திருப்புதல் தேர்வு வந்தது. கைடில் இருந்த பத்திகளுக்கெல்லாம் பிள்ளைகள் விடையை மனப்பாடம் செய்து முடித்திருந்தார்கள்.

"ஏம்மா, நீதான் எப்பப் பாத்தாலும் கதப் புஸ்தகம் படிக்கற. சொந்தமா ஒரு பத்தி எழுதிக் குடேன்" என்றார் சார்.

அவள் எழுதிக் கொடுத்தாள்.

'ஓர் ஊரில் ஒரு வைத்தியர் இருந்தார். நோயாளியின் முகத்தை அவர் பார்ப்பதே இல்லை. வரிசையில் முன்னால் நின்றவருக்கு என்ன மருந்தோ, அதையே அடுத்தவருக்கும் கொடுப்பார். சில வருடத்தில் ஊரில் நோயாளி என்று ஒருவரும் இல்லை. சுடுகாட்டில்தான் இடமில்லை. அவர் மிகச் சிறந்த வைத்தியர் என்று ஊரார் சிலை வைத்தனர்.'

கேள்வி: வைத்தியர் எப்படிப்பட்டவர்? பத்தியில் அமைந்துள்ள நயம் யாது?

சார் வரிகளை எண்ணிப் பார்த்தார். போதும் என்றார். அச்சுக்குப் போனது.

நாற்பத்தொரு பேர் ஒரே விடை எழுதியிருந்தார்கள்: அவர் மிகச் சிறந்த வைத்தியர், ஊரார் சிலை வைத்தனர், நயம் உருவகம். துர்கா மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். பத்தியை முதலிலிருந்து படிக்கிற கெட்ட பழக்கம் உள்ள பெண். அதனாலேயே பத்துக்கு மூன்று தாண்டாதவள்.

'இந்த வைத்தியர் மோசமானவர். சிறந்தவர் என்று சொல்வது கிண்டல். நம்ம ஆதிநாராயணன் சார் பத்தியைப் பார்க்காமல் விடை எழுதச் சொல்கிற மாதிரி, இவர் ஆளைப் பார்க்காமல் மருந்து கொடுக்கிறார். இதில் வந்திருப்பது எள்ளல்.'

பூங்கோதைக்குச் சந்தோஷம் வந்தது. அடுத்த நிமிஷமே பயமும் வந்தது. முதல் மார்க் தாளை ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் கொடுத்து மனப்பாடம் செய்யவைப்பது அந்த சென்டரின் வழக்கம். பத்து மார்க் போட்டால் தாள் சார் கைக்குப் போகும், வேலையும் போகும். மூன்று போட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நாவல்களில் இந்த மாதிரி நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும். இங்கே லாரியில் கக்கூஸ் கோப்பை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

துர்காவைக் கூப்பிட்டாள்.

"எப்படிடி கண்டுபுடிச்ச?"

"படிச்சேன் மிஸ்ஸு."

"சாரை எதுக்குடி இழுத்த?"

"தப்புங்களா மிஸ்ஸு?"

பூங்கோதை பத்து போட்டாள்.

சார் தாளைத் தம் முறைப்படியே சோதித்தார். 'வைத்தியர்' இருக்கிறதா? இருந்தது. நீளம்? போதுமானது. நடுவில் தம் பெயரும் தென்பட்டதில் அவருக்குக் கொஞ்சம் பூரிப்பு. பத்தியும் விடையுமாக நாற்பத்திரண்டு பிரதி எடுக்கச் சொன்னார். பெற்றவர்களுக்கும் ஆளுக்கொன்று.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம். கனிமொழி என்கிற பெண் எழுந்து கண்ணை மூடிக்கொண்டு விடையை ஒப்பித்தாள். 'நம்ம ஆதிநாராயணன் சார்' வந்த இடத்தில் குரலை உயர்த்தினாள். தாளில் விரல் வைத்துத் தொடர்ந்துவந்த சார், "ஒரு வார்த்த விடல பாத்தீங்களா? கை தட்டுங்க" என்றார். தட்டினார்கள்.

துர்காவின் அம்மா திரௌபதி மட்டும் தட்டவில்லை. பீங்கான் கம்பெனியில் ஜாடியைத் தட்டிப் பார்த்துக் கீறல் விட்டதைக் கழிக்கிற வேலை அவளுக்கு. கையில் இருந்த பிரதியை எழுத்துக்கூட்டி மேலிருந்து கீழ்வரை படித்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளும்மா."

"இந்த வைத்தியரு ஊரையே சுடுகாட்டுக்கு அனுப்பியிருக்காருங்க. நீங்களும் அவரு மாதிரின்னு எம் பொண்ணு எழுதியிருக்குது. அதுக்கு எதுக்குங்க கை தட்டச் சொல்றீங்க?"

கூட்டத்தில் தாள்கள் சரசரத்தன. ஆதிநாராயணன் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்தியை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நன்றாகவே படித்தார். சுடுகாடு வந்த இடத்தில் முகம் மாறியது. சிலை வந்த இடத்தில் காது சிவந்தது. எங்கெங்கே மாற வேண்டுமோ அங்கங்கே மாறியதால் பூங்கோதை மனதுக்குள் அவருக்கும் பத்து போட்டாள்.

"நாளையிலேர்ந்து தமிழையும் கணக்கு சாரே பாத்துக்குவாரு" என்றார் அவளிடம், மெதுவாக. "அந்தப் பொண்ணு பேப்பரைக் குடு. மார்க்கத் திருத்தணும்."

மெதுவாகச் சொன்னதுகூடத் திரௌபதிக்குக் கேட்டுவிட்டது. "எதுக்குங்க திருத்தணும்? எம் பொண்ணு எழுதுனது தப்புங்களா?"

சார் வாயைத் திறந்தார். தப்பென்றால் அந்த வைத்தியர் சிறந்தவர் என்று நாற்பது பேர் முன்னால் அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். தாளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். முன் வரியும் இல்லை, பின் வரியும் இல்லை.

"தப்பில்லம்மா" என்றார்.

பூங்கோதை சிவப்புப் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.