இடுப்புயரக் கயிறு

1

இந்தக் கதை ஒரு கயிற்றிலிருந்து வந்தது. அனுப்பர்பாளையத்தில், ஒரே வாசலைச் சுற்றி வரிசையாக வீடுகள் அமைந்த ஒரு காம்பவுண்டில், சுவரையொட்டி இடுப்புயரத்தில் அதைக் கட்டியிருந்தார்கள். துணி காயப்போட அந்த உயரம் போதாது. ஒரு முனை ஒரு வீட்டின் ஜன்னல் கம்பியில்; மறுமுனை வாசலின் கோடியிலிருந்த கழிப்பறைக் குழாயில். யாருக்காக என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் இது கட்டுரையாகியிருக்கும்.

2

பக்கவாதம் மகுடேஸ்வரனின் வாழ்க்கையைப் புரட்டிப்

(நிறுத்திவிட்டேன். வாழ்க்கை புரளவில்லை, அடுப்பில் சோறு வெந்துகொண்டுதான் இருந்தது. மீண்டும் தொடங்குகிறேன்.)

மகுடேஸ்வரன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, விளிம்பு விலகாமல் வெட்டுகிறவர். பக்கவாதம் அவருடைய இடக்கையையும் இடக்காலையும் தளர்த்தியதோடு, நேர் எது என்னும் உணர்வையும் எடுத்துக்கொண்டது. நேராக நிற்பதாக அவர் உறுதியாக நம்பும்போதே உடல் இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.

மனைவி விஜயராணி வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். விடுப்பு முடிந்துவிட்டது; திங்கட்கிழமை போகாவிட்டால் அவள் இடத்தில் வேறு ஆள். அவள் இல்லாத பகலில் அவர் கழிப்பறைக்குத் தனியாகப் போய்வர வேண்டும். இல்லையென்றால், இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கும் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்ப வேண்டும். அதற்குப் பதிலாகத் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடலாம் என்று மகுடேஸ்வரன் முடிவுசெய்து ஒத்திகையும் தொடங்கிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. குறையாத சொம்பைப் பார்த்து விஜயராணி கண்டுபிடித்தாள்.

3

பிசியோதெரபி செய்ய வரும் பூபாலன், சுவரில் கம்பி அடிக்கச் சொன்னான். வீட்டின் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை.

"அப்பக் கயிறாச்சும் இறுக்கிக் கட்டீருங்க அக்கா. அண்ணன் புடிச்சுப் பழகட்டும்."

விஜயராணி கட்டினாள்.*

மகுடேஸ்வரன் வலக்கையால் பற்றினார். நான்கைந்து அடி வைத்தார். தடுமாறி, முழு எடையையும் கயிற்றில் போட்டார். கயிறு அறுபடவில்லை. அவர் கூடவே வந்தது. விஜயராணி தாங்கிப்பிடித்ததால் தரையில் உட்கார்ந்ததோடு போயிற்று.

* இந்த ஊரில் கயிறு வேண்டுமென்றால் யாரும் கடைக்குப் போவதில்லை. வெட்டி ஒதுக்கிய பனியன் துணி எல்லா வீட்டிலும் கிடக்கும். விஜயராணி அதைத்தான் மூன்று புரியாகப் பின்னிக் கட்டினாள். பனியன் துணி இழுத்தால் நீளும் என்பது அந்த வீட்டில் இருவருக்கும் தொழில் கற்றுத்தந்த பாடம். இருவருக்கும் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு ஒச்சாயி, உசிலம்பட்டிக்காரி, வாசலில் நின்று பார்த்தாள்.

"ஆத்தீ! அண்ணனுக்கு ஊஞ்சலா கட்டிவிட்ட? பனியன் துணி இழுக்கும்னு கட்டிங் மாஸ்டருக்கே தெரியாதாக்கும்?"

"வெட்டத்தானுங்க தெரியும்," என்றார் தரையிலிருந்து மகுடேஸ்வரன். "இதுவரைக்கும் சாஞ்சு பாத்ததில்லீங்க."

நோய்வாய்ப்பட்ட பின் அவர் சிரித்தது அன்றுதான். சிரிப்பு வாயின் வலப்பக்கத்தில் மட்டும் வந்தது. விஜயராணிக்கு அது போதுமானதாக இருந்தது.

4

"ஏனுங்க மாமா, நைலான் கயிறு வாங்கியாறனுங்க," என்றாள் விஜயராணி.

"வேண்டாம் புள்ள. நாஞ் சாஞ்சா இதுவுஞ் சாயுது. அப்பத்தான் சாயறேன்னே எனக்குத் தெரியுது."

இந்த வசனத்தின் மேல் எனக்கு ஐயம் உண்டு. மனிதர்கள் இவ்வளவு பொருத்தமாகப் பேசுவதில்லை. 'இருக்கட்டும் புள்ள' என்று மாற்றிப் பார்த்தேன். ஆனால் நான் பார்த்த சுவரில் நைலான் கயிறு இல்லை. நடுவில் தொய்ந்த பனியன் கயிறு மட்டுமே இருந்தது. ஆகவே யாரோ ஏதோ சொல்லித்தான் தடுத்திருக்க வேண்டும்.

பூபாலன் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தான். பிறகு, பாதி வழியில் ஒரு நாற்காலியைப் போடச்சொன்னான். "புடிச்சுத் தொங்காதீங்கண்ணா. ரண்டு வெரல்ல தொட்டுட்டு மட்டும் நடங்க. அக்கா, நீங்க எடப்பக்கமே வாங்க."

5

ஞாயிறு மாலை. மகுடேஸ்வரன் ஒரு சொம்புத் தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு, நேரம் வந்ததும் எழுந்தார். விஜயராணி கூட வரக்கூடாது என்பது ஏற்பாடு. அவள் நிலைப்படியில் உட்கார்ந்து, எழுந்துவிடாதபடி இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு விரல் கயிற்றில் பட, நாற்காலியைத் தாண்டி, அவர் போய்விட்டார். கதவு மூடியது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

திரும்பி நின்றபோதுதான் தெரிந்தது: சுவர் இப்போது அவருக்கு இடப்பக்கம். கயிறும் இடப்பக்கம், தளர்ந்த கையின் பக்கம். இதுவரை திரும்பும்போதெல்லாம் அந்தப் பக்கம் விஜயராணி இருந்தாள்.

(கயிற்றைக் கட்டியவள் இதை யோசிக்கவில்லை. எழுதிய நானும் யோசிக்கவில்லை. முந்தைய பகுதிகளைத் திருத்தி மறைத்திருக்கலாம். அவர் அங்கே நின்றுகொண்டிருக்கும்போது அது நியாயமாகப் படவில்லை.)

நான் எழுதிப்பார்த்த ஒரு முடிவில் விஜயராணி ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்கிறாள்; திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. இன்னொன்றில் அவர் கயிறே இல்லாமல் நிமிர்ந்து நடந்து வருகிறார். அதை எழுதியபோது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. ஆகவே கிழித்துவிட்டேன்.

"வரட்டுங்களா மாமா?"

"இரு புள்ள."

அவர் வலக்கையால் இடக்கையைத் தூக்கி, ஒரு பொருளை எடுத்துவைப்பது போல, அதன் விரல்களைக் கயிற்றின்மேல் வைத்தார். கயிறு சற்றே தொய்ந்தது. அவர் அதைப் பார்த்தார்; உடலை வலப்பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். கயிறு மேலே வந்தது.

இதற்கு மேல் ஒரு வினைச்சொல் எழுதினால் அவர் நடப்பார், அல்லது விழுவார். நான் எழுதப்போவதில்லை. நீங்களும் முடிவு சொல்ல வேண்டியதில்லை. நிலைப்படியில் உட்கார்ந்திருப்பவளின் பக்கத்தில் காலியான சொம்பு இருக்கிறது. காலையில் கம்பெனிக்குக் கிளம்புமுன் அதில் எந்த அளவுக்குத் தண்ணீர் நிரப்பி வைக்கலாம் என்று மட்டும் அவளுக்குச் சொல்லுங்கள்.